துக்க வீட்டில் சிரிப்பு தப்பா?
"துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் வருடம் உறவினர் கூட்டமாகப் போவது பாரம்தான், தனிமையில் விடுங்கள்" என்று ஒரு பதிவில் படித்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஆவணியில் அப்பா போனார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பலகாரம் செய்யக் கூடாதுதான், ஆனால் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தரலாம் என்பதும் அதே வழக்கம்தானே? அத்தை ஒரு தூக்கு நிறைய முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்கினார். இரண்டு மாதமாக ரசம் சோற்றைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாத அம்மா, அப்பா சிறுவயதில் தாமிரபரணியில் குதித்து வேட்டியை ஆற்றோடு விட்டுவிட்டு ஈரத்துண்டோடு வீடு வந்த கதையை அத்தை சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நாற்பது வருடம் கூட வாழ்ந்தும் அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது. அத்தை வராமல் இருந்திருந்தால் எங்களுக்கும் கிடைத்திருக்காது. அந்தப் பதிவின் கீழே ஒரு சகோதரி "சிரித்தால் ஊர் என்ன சொல்லும்" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தாம்ளா வீடு வீடா இருக்கு" என்றார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். அன்று அத்தை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார்: "போயிட்டு வாரேன் மதினி."