பெரியம்மாவின் ஜெபமும் ரோமர் ஒன்பதும்

போன மாதம் எங்கள் பெரியம்மாவின் மூத்த மகன் காலமானார். எனக்கு அண்ணா முறை. ஊரில் எல்லோருக்கும் உதவிக்கு ஓடிப்போகிற மனிதர். ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்பது வேறு கதை, அதை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை.

அடக்கம் முடிந்த அன்று பின்னேரம், பந்தலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த இளம் ஊழியர் ஒருவர் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். "தேவன் முன்குறித்தவர்கள் எப்படியும் வந்து சேருவார்கள் அம்மா. மகன் வரவில்லை என்றால் அது தேவ சித்தம். நீங்கள் கலங்கக் கூடாது." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். அவர் மற்றப் பக்கம். "ஆண்டவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார். கதவைத் திறக்கிறது அவனுடைய கையில்தானே இருந்தது? நீங்களும் இன்னும் கொஞ்சம் உபவாசமிருந்து ஜெபித்திருக்கலாம் அக்கா."

எல்லோரும் போன பிறகு, இரவு, பெரியம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அப்ப நான் இருபத்திரண்டு வருஷமாக விடியக்காலமை எழும்பிச் செய்த ஜெபமெல்லாம் என்னத்துக்கு மகன்?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு வேதாகமத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாசித்ததில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

அந்த ஊழியர் நம்பியிருந்தது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை. யாக்கோபைச் சிநேகித்தேன், ஏசாவை வெறுத்தேன்; களிமண்ணின்மேல் குயவனுக்கு அதிகாரமில்லையா. இந்த வசனங்களை மழுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தேவன் தேவனாகவே இருக்கிறார், நம்மிடம் அனுமதி கேட்டு இரக்கம் செய்கிறவர் அல்ல. ஆனால் அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? தனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டு என்று பவுல் தொடங்குகிறார். தன் சொந்த இனத்தாருக்காகத் தானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிறார். அழுதுகொண்டு எழுதிய அதிகாரம் அது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அழுகிற தாயிடம் "கலங்கக் கூடாது" என்று எப்படிச் சொல்லலாம்?

அப்புறம் பத்தாம் அதிகாரத்தின் முதல் வசனம். பவுல் அதிகாரம் பிரித்து எழுதவில்லை. இப்போதுள்ள பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. குயவனையும் களிமண்ணையும் பற்றி எழுதிய அதே மூச்சில், இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே என் இருதயத்தின் விருப்பமும், தேவனை நோக்கி நான் செய்யும் விண்ணப்பமும் என்கிறார். முன்குறித்தலை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பதை, அவரைவிட அழுத்தமாக எழுதியவர் யார்? அவரே முழங்காலில் நிற்கிறார். கதவு பூட்டியாயிற்று என்று நினைத்திருந்தால் ஜெபித்திருக்க மாட்டார். எல்லாம் மனிதன் கையில்தான் என்று நினைத்திருந்தாலும் தேவனிடம் போயிருக்க மாட்டார். நேரே அந்த மனிதர்களிடம் மட்டும் போய்ப் பேசியிருப்பார்.

என் பெரியம்மா இறையியல் படித்தவர் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவ நின்றது பவுல் நின்ற இடத்தில்தான்.

குயவன் உவமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பவுலுக்கு முன்பே எரேமியா 18இல் இருக்கிறது. அங்கே குயவனின் கையில் மண்பாண்டம் கெட்டுப்போகிறது. அவன் அதைத் தூக்கி எறியவில்லை, திரும்ப வேறே பாண்டமாக வனைகிறான். ஒரு ஜனம் தன் தீங்கை விட்டுத் திரும்பினால் நானும் மனம் மாறுவேன் என்று கர்த்தர் அதே இடத்தில் சொல்கிறார்.

எங்கள் ஊரில் "தலையெழுத்து" என்ற சொல் வாயில் சுலபமாக வரும். கிறிஸ்தவர்களும் சொல்கிறோம். முன்குறித்தலை நம்மில் பலர் அந்தத் தலையெழுத்தாகவே விளங்கிக்கொள்கிறோம் என்பதுதான் என் பயம். தலையெழுத்து யாருக்காகவும் அழாது. எருசலேமைப் பார்த்து, எத்தனை தரமோ உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று என்று இயேசு சொன்னாரே. அந்த வசனத்தில் அவருடைய மனதும் இருக்கிறது, அவர்களுடைய மனதும் இருக்கிறது.

"பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்கிறது யோவான் 6:44. கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இழுப்பது என்றால் எனக்கு இரண்டு கயிறும், மணலில் கால் புதைய நிற்கிற ஆட்களும், மெல்ல மெல்லக் கரைக்கு வருகிற மடியும்தான் நினைவுக்கு வரும். யோவான் 21இல் பேதுரு 153 மீன்களோடு வலையைக் கரைக்கு இழுத்த இடத்திலும் கிரேக்க மூலத்தில் அதே வினைச்சொல்தான். சரி, மீனிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லையே? இது நியாயமான கேள்வி, நானும் இதிலே கன நாள் சிக்கி நின்றிருக்கிறேன். எனக்கு வழி காட்டியது ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன். இந்த வசனத்துக்கு அவர் பிரசங்கத்தில் சொன்ன உதாரணம் இதுதான்: ஆட்டுக்குப் பச்சைக் கிளையை நீட்டு, அது இழுபட்டு வரும். கயிறு தேவையில்லை, ஆசை போதும். கிருபை இல்லாமல் மனிதன் ஒரு அடியும் வைக்க முடியாது என்று, மனிதன் தன் முயற்சியாலேயே நன்மை செய்ய முடியும் என்று போதித்த பெலாகியுஸுக்கு எதிராகக் கடைசிவரை வாதாடிய அதே அகுஸ்தீன்.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியில் திரிகிற புள்ளிமான்கள், பழத்தை நீட்டினால் தானாக வரும். நீட்டாவிட்டால் அது வந்திருக்காது. வந்தது அதன் கால்தான்.

அந்தக் கோட்டைக்கே இந்த வழக்கில் ஒரு பங்கு உண்டு. 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து அதைப் பிடித்தார்கள். அதற்கு ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன், 1618-1619இல், அவர்களுடைய நாட்டின் டோர்ட் நகரத்தில் கூடிய திருச்சபைச் சங்கம், தேவன் தம்முடையவர்களை நிபந்தனையின்றித் தெரிந்துகொள்கிறார், அதாவது தெரிவுசெய்கிறார், என்று தீர்மானித்திருந்தது. பிற்காலத்தில், 1814இல், வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கையில் இறங்கினார்கள். கிருபை எல்லோருக்கும் உண்டு, மனிதன் அதை எதிர்த்து நிற்கவும் முடியும் என்பது அவர்கள் பிரசங்கம். நான் அந்த மெதடிஸ்த மரபில் ஞானஸ்நானம் பெற்றவன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

ஆனால் அந்த மரபைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியிடம் நான் இப்போது கற்றது வேறு. 1739இல் அவர் முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கித்தபோது, முன்குறித்தலை நம்பிய நண்பர் ஜோர்ஜ் வைட்பீல்ட் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். இருவரின் ஊழியமும் தனித்தனி வழியில் போனது. 1770இல் வைட்பீல்ட் இறந்தார். அவருடைய விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. செத்தவீட்டில் நின்று கட்சி பேசாமல் அன்பைப் பேசினார்.

அப்போஸ்தலர் 27ஐயும் வாசித்துப் பாருங்கள். புயலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவன் முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார் பவுல். வாக்கும் உண்மை, எச்சரிக்கையும் உண்மை. மூதூருக்கு லோஞ்சில் போய்வந்த காலத்தில் கொட்டியாரக் குடாவில் ஒரு தரம் அலையில் மாட்டியவன் நான். அன்றைக்கு லோஞ்சில் ஜெபித்தவர்களும் தண்ணீர் இறைத்தவர்களும் ஒரே ஆட்கள்தான்.

ஆகவே அந்த ஊழியத் தம்பிக்கு, இதை வாசித்தால்: நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டதை நினைத்துத் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். எபேசியர் முதலாம் அதிகாரம் அந்தச் சத்தியத்தைத் துதியாகத்தான் சொல்கிறது. இன்னொருவரின் பெட்டியைப் பார்த்து "இவர் தெரிந்துகொள்ளப்படவில்லை" என்று சொல்ல உங்களுக்கோ எனக்கோ யாரும் அதிகாரம் தரவில்லை. கடைசிக் கிழமை அண்ணாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பெரியம்மா ஜெபித்தபோது, அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

உறவினர் ஐயாவுக்கும் இதுதான். ஒரு தாய் போதிய அளவு ஜெபிக்காததால் மகன் கைவிடப்பட்டான் என்று நினைப்பதற்கு, தேவன் நாள்கூலிக் கணக்குப் பார்க்கிறவராக இருக்க வேண்டும்.

போன ஞாயிறு பின்னேரம் பெரியம்மா வீட்டுக்குப் போய் ரோமர் பத்தின் முதல் வசனத்தை வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அண்ணாவின் மகன் மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "இஸ்ரவேலர் என்ற இடத்தில் இவனுடைய பெயரைப் போட்டு வாசி."