இருபது வாரமாம், இருபது வாரம்!

இங்கிலாந்துல ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளை இருக்கற வீட்டுல கவுன்சில்னு (நம்மூர் நகராட்சி மாதிரி) சொன்னாலே பிபி ஏறிடும். பையனுக்கு இ.ஹெச்.சி.பி., அதாவது அவனுக்கு என்னென்ன ஸ்பெஷல் உதவி தரணும்னு கவுன்சில் சட்டப்படி எழுதித் தர்ற பிளான், அதைக் கேட்டு அப்ளை பண்ணி இது பத்தாவது மாசம். 2014 சட்டப்படி 6 வாரத்துல அசெஸ் பண்றோமா இல்லையான்னு சொல்லணும், மொத்தம் 20 வாரத்துல பிளான் கைக்கு வரணும், ஆனா எங்களுக்கு வந்ததெல்லாம் மெயில் கிடைச்சுதுன்னு ஒரு ஆட்டோ ரிப்ளை. ஃபோன் பண்ணா கேஸ் ஆபீசர் மாறிட்டாங்களாம், இது மூணாவது ஆளு, ஒவ்வொருத்தர்கிட்டயும் அவன் எப்ப பேச ஆரம்பிச்சான்ல இருந்து ராமாயணம் மாதிரி திரும்பச் சொல்லணும்.

ஏன் லேட்டுன்னா, பிள்ளைங்கள அசெஸ் பண்ற எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் பத்தலையாம். சரி, அது பொய்யில்ல, 2023-ல நாடு முழுக்கவே பாதி பிளான்தான் டைமுக்கு வந்துச்சு. ஆனா கவுன்சில் முடிவை எதிர்த்து பெத்தவங்க அப்பீல் போற ட்ரிப்யூனல் கூத்து இருக்கே, 2022-23-ல தீர்ப்பு வரைக்கும் போன கேஸ்ல 98% பெத்தவங்களுக்குத்தான் சாதகம். அப்ப தோக்கறதுக்குன்னே கேஸ் நடத்துறீங்களாய்யா, அதுவும் நான் கட்டற டாக்ஸ்ல? இதுல எங்க நிலைமை இன்னும் மோசம், முடிவே சொல்லாம இழுத்தா எதை எதிர்த்து அப்பீல் போடறது?

ஸ்கூல்ல பாவம் டீச்சர் தன்னால முடிஞ்சத பண்றாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல. ஆனா கவுன்சில் டாக்ஸ் பில் மட்டும் மார்ச் மாசம் டாண்ணு வந்துருது பாருங்க, அதுக்கு எந்த ஆபீசரும் மாற மாட்டேங்கறாங்க.