கார்மென் உண்மையில் வாழ்ந்த ரோமானிப் பெண் அல்லள்

1948ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி லவ்ஸ் ஆஃப் கார்மென்’ படத்தில் ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த் ஏற்ற கார்மென் வேடம், வேற்றினப் படைவீரனைக் காதலித்ததற்காகத் தன் இனத்தாராலேயே கொல்லப்பட்ட ஒரு ரோமானி (ஜிப்சி) இனப் பெண்ணின் உண்மை வரலாறு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவுகிறது. அது தவறு.

அப்படம், புரோஸ்பர் மெரிமே 1845இல் வெளியிட்ட ‘கார்மென்’ என்ற பிரெஞ்சுக் குறுநாவலிலிருந்து எடுக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டு மலகா நகரில் ஒரு முரடன் தன் காதலியைக் கொன்ற செய்தியை ஸ்பானியப் பிரபுகுலப் பெண்ணான மோன்டிஹோ சீமாட்டி முன்பு சொல்லக் கேட்டதாகவும், தாம் ஜிப்சிகளைப் பற்றி ஆராய்ந்து வந்ததால் நாயகியை ஜிப்சியாக்கியதாகவும் அச்சீமாட்டிக்கே எழுதிய கடிதத்தில் மெரிமே கூறுகிறார். அச்சில் வந்துள்ள அவருடைய கடிதத் தொகுப்பில் இதைச் சரிபார்க்கலாம். குறுநாவலில் கார்மெனைக் குத்திக் கொல்பவன் அந்தப் படைவீரன் டான் ஹோசேதான். அவன் ரோமானி அல்லன். செய்யாத கொலையை ஓர் இனத்தின்மேல் சுமத்தும் இச்செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.