பெரிய வாய்க்காலோடு புதுச்சேரி முடிந்துவிடுவதில்லை

புதுச்சேரியைப் பற்றி எல்லோரும் பகிரும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடைசியில் "வாய்க்காலுக்கு மேற்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று ஒரு தீர்ப்பு. ஊரை இரண்டாகப் பிரிக்கும் அந்த வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி. அந்தத் தீர்ப்புக்கு இத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள், அதுதான் வலிக்கிறது.

மேற்கே இருக்கும் வைசியாள் வீதியில் நின்று ஒரு வீட்டை நிமிர்ந்து பாருங்கள். கீழே திண்ணை, மரத்தூண், ஓடு வேய்ந்த தாழ்வாரம். மாடியில் வளைவு சன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண். கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. அந்த வீதியை மீட்டெடுத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. இதுவா ஒன்றுமில்லை?

"கிழக்கே இருப்பதுதான் பழசு" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று நீங்கள் போட்டோ எடுக்கும் வீடுகள் அதற்கு அப்புறம் எழுந்தவை.

எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில் தயிர்க்காரம்மா கூடையை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். மழை வந்தால் முற்றத்தில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிப்போம். ஆயா போன பிறகு வீடு கைமாறியது. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று முதலில் உடைத்தது திண்ணையைத்தான். "பழசுக்காக ஏன் அழுகிறாய்" என்றார்கள் சொந்தக்காரர்களே.

பிரெஞ்சுக் கட்டடங்கள் மேல் கோபமா என்று கேட்காதீர்கள். 2014 நவம்பர் மழையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது நானும் அழுதேன். அதைத் திரும்பக் கட்டினார்கள், சந்தோஷம். மேற்கே ஒரு தாழ்வாரம் சரிந்தால் செய்திகூட வருவதில்லை.

"பராமரிக்க யார் பணம் தருவது?" சரி, நியாயமான கேள்வி. மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, அண்ணன் தம்பிகளுக்குள் பங்குப் பிரச்சினை வேறு. கடைசியில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பிக்கொண்டு உதிர்கிறது. உடனே "வீடு தாங்காது" என்று இடித்துவிடுகிறார்கள். ஆனால் கிழக்கே இருக்கும் வீட்டுக்கு மட்டும் எப்படிப் பணம் வருகிறது? அது பார்க்க வேண்டிய வீடு என்று ஊரே சொல்வதால் வருகிறது. மேற்கே ஒன்றுமில்லை என்று நீங்கள் பரப்பினால், அங்கே இருக்கும் வீட்டுக்காரர் எதை நம்பி அதைக் காப்பாற்றுவார்?

அந்த வீடியோவைப் பகிர்ந்த நண்பர்களே, என்னோடு சண்டைக்கு வருவதற்கு முன்னால் வைசியாள் வீதியை ஒருமுறை முழுசாக நடந்துவிட்டு வாருங்கள். அப்படியே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கமும் போங்கள். அப்புறம் பேசுவோம்.