வெறும் ஃபெரியாம்!

நேத்து தேம்ஸ் ஓரத்து போட்டோவுக்குக் கீழ நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. "மிதக்குற பார்"னு போட்டிருந்தாங்க, இது டாட்டர்ஷல் காசில், 1934ல கட்டின பேடில் ஸ்டீமர், அதாவது துடுப்புச் சக்கரம் வச்ச நீராவிக் கப்பல்னு ஒரே ஒரு வரி எழுதினேன். அதுக்கு பதில், "அட வெறும் ஃபெரி தானே ஜி, டைட்டானிக் ரேஞ்சுக்கு பில்டப் எதுக்கு"ன்னு, கூடவே சிரிப்பு ஸ்மைலி. நல்லா சிரிங்க.

அந்த வெறும் ஃபெரி தான் இங்கிலாந்துல ஹம்பர் ஆத்து முகத்துவாரத்துல, ஹல் நகரத்துக்கும் எதிர்க்கரை நியூ ஹாலண்டுக்கும் நடுவுல ஆளு, காரு, ஆடு மாடுன்னு ஏத்திக்கிட்டு 1970கள் வரைக்கும் ஓடுச்சு. அங்க மணல்திட்டு இன்னிக்கு இருக்குற எடத்துல நாளைக்கு இருக்காது, தண்ணி வத்தினா சுத்திக்கிட்டுப் போகணும், சில நாள் தரைதட்டி ஆளுங்களோட அப்படியே உக்காந்துக்கும். அதுக்குத்தான் ஆழமில்லாத தண்ணிலயும் போற துடுப்புச் சக்கரக் கப்பல். இதுல கூத்து என்னன்னா, ஹல் பக்கம் துறையில அப்ப ரயில்வே ஸ்டேஷன் இருந்துச்சு, டிக்கெட்டும் குடுத்தாங்க, தண்டவாளம் மட்டும் கிடையாது! ரயில் அக்கரைல. கூட்டிட்டுப் போனது யாரு? இந்த "வெறும்" தான்.

பாலம் வேணாமான்னு கேப்பீங்க. வேணும்யா. 1981ல தொறந்த ஹம்பர் பாலம், ரெண்டு கோபுரத்துக்கும் நடுவுல இருக்குற ஸ்பான் மட்டும் 1410 மீட்டர், அப்ப உலகத்துலயே நீளம், நானும் வாயப் பொளந்து பாத்தவன் தான். இந்தக் கப்பல் பாரா மாறினதால தானே ஒடைக்காம தப்பிச்சுச்சுன்னு ஒருத்தர் வருவார். அதே ரூட்ல ஓடின லிங்கன் காசில் கப்பலும் ரெஸ்டாரண்டா தான் இருந்துச்சு, 2010ல ஒடச்சுட்டாங்க. அந்தப் பேச்சை விடுங்க.

இதோட ஜோடி விங்ஃபீல்ட் காசில் ஹார்ட்டில்பூல்ல மியூசியத்துல நிக்குது. போனப்ப எல்லாரும் மேல டெக்ல செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, நான் மட்டும் கீழ கரி அள்ளிப் போட்டவனப் பத்தியே நெனச்சுக்கிட்டு நின்னேன். அவனுக்கு ஆறும் தெரியாது கரையும் தெரியாது, நெருப்பு மட்டும் தான்.

எங்கப்பா மில்லுல பாய்லர் ஃபயர்மேன். அடுப்புக் கதவைத் தொறந்து தொறந்து புருவ முடி எப்பவும் கருகிக் கட்டையா நிக்கும், அம்மா தேங்காண்ணை தடவி விடும். "வெறும் கரி தள்றவர்"னு சொந்தக்காரங்களே சொன்னாங்க, அவங்கள விடுங்க, ஸ்கூல் ஃபார்ம்ல தந்தை தொழில்ங்கற எடத்துல "இன்ஜினியர்"னு நானே எழுதி கையெழுத்துக்கு நீட்டினேன். படிச்சாரு, ஒண்ணும் சொல்லல, போட்டுக் குடுத்துட்டாரு.

சம்பந்தமில்லாம பேசறேன்னு தோணுதா, தோணட்டும். ஜி, அந்த ஸ்மைலிய எடுத்தா சந்தோசம். எடுக்கலன்னா அன்ஃபாலோ பட்டன் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்.