தவறான ஓடுபாதையில் நிற்பவருக்கு அது தவறென்று தெரியாது

அமெரிக்காவின் லெக்சிங்டன் விமான நிலையத்தில் தவறான, குட்டையான ஓடுபாதையில் ஓடி நொறுங்கிய விமானத்தைப் பற்றிய அந்தக் காணொளியை இரண்டு நாட்களாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எந்தச் சாலையில் நிற்கிறோம் என்றுகூடத் தெரியாதவர்கள் கையில் விமானத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அதில் பேசுகிற மனிதர் சொல்லிச் சிரிக்கிற இடத்தில் நான் ஒரு கணம் நிறுத்திவிட்டேன். 49 பேர் செத்துப்போன ஒரு விடியற்காலையைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன். அவர் சொன்னதில் உள்ள கோளாறை மட்டும் பேசுகிறேன்.

தவறான ஓடுபாதையில் நிற்கும் விமானிக்கு, அந்த நேரத்தில், அதுதான் சரியான ஓடுபாதை. இதைப் புரிந்துகொள்ளாமல் பேசுவதெல்லாம் வெட்டிப் பேச்சு.

2006 ஆகஸ்ட் 27. சூரியன் இன்னும் உதிக்கவில்லை. கோமேர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 5191 விமானத்துக்குக் கொடுக்கப்பட்டது 7,003 அடி நீளமுள்ள 22ஆம் எண் ஓடுபாதை. அது ஓடியதோ 3,501 அடியே உள்ள 26ஆம் எண் ஓடுபாதையில். 22க்குப் போக வேண்டுமானால் 26ஐக் கடந்துதான் போக வேண்டும். சீரமைப்புப் பணியால், ஓடுபாதைக்குப் போய்ச் சேரும் இணைப்புப் பாதையான டாக்ஸிவேயின் வழி மாறியிருந்தது. விமானிகள் கையிலிருந்த வரைபடத்தில் அந்த மாற்றம் இல்லை. விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருவர் இருக்க வேண்டிய நேரத்தில் ஒருவரே இருந்தார்; அவரும் சுமார் இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு பணிக்கு வந்தவர்; புறப்பட அனுமதி கொடுத்துவிட்டு, அலுவலகக் கணக்கு வேலைக்காக ஓடுபாதைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

விளக்கு இல்லாமல் விசித்திரமாக இருக்கிறதே என்று துணை விமானி சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. விளக்கு இல்லாததைப் பார்த்தும் யோசிக்காமல் போனார்கள் என்பதற்குக் காணொளிக்காரர் காட்டும் ஆதாரம் அந்த ஒற்றை வரிதான். அதே துணை விமானி, புறப்படுவதற்குச் சற்று முன்பு, அண்மையில் ஓர் இரவு இங்கே இறங்கியபோது எங்கு பார்த்தாலும் விளக்குகள் எரியாமல் கிடந்தன என்று பேசியதும் அதே பதிவில்தான் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டார்? விளக்கு எரியாத விமான நிலையம் என்று ஏற்கெனவே மனத்தில் பதிந்துபோன ஒருவருக்கு, விளக்கு எரியாத ஓடுபாதை எச்சரிக்கையாகவா தெரியும்?

நான் ஒரு விமான நிலையத்தில் தரைப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவன். ஜீப்பின் இருக்கை உயரத்திலிருந்து பார்த்தால் டாக்ஸிவேயின் ஓரத்து நீல விளக்குகள் வரிசையாகத் தெரியாது. வாரி இறைத்த புள்ளிகளாகத் தெரியும். மழை பெய்தால் ஈரத் தரையிலும் அதே நீலம் மின்னும். எங்கள் பிரிவில் மூத்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அப்படியொரு மழை இரவில் அவர் டாக்ஸிவே என்று நினைத்து ஓடுபாதைக்குள் ஜீப்பைத் திருப்பிவிட்டார். திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் பலகையை வேலைக்காரர்கள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நல்லவேளையாக விமானம் எதுவும் வரவில்லை. விசாரணையில், இத்தனை வருடம் ஓட்டிய உனக்குத் தெரியாதா என்ற ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். விசாரணை தொடங்குவதற்கு முன்பே தார்ப்பாயைக் கழற்றி மடித்து வைத்துவிட்டிருந்தார்கள் என்பதை நான் சொன்னபோது, உன்னை யாரும் கேட்கவில்லை என்றார்கள்.

அந்த அண்ணனை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், மறைக்கவில்லை.

லெக்சிங்டன் விமானிகள் அனுபவம் போதாதவர்கள் என்று சொல்பவர்கள் தைவானின் தைபே விபத்தை என்ன செய்வார்கள்? 2000 அக்டோபர் 31 இரவு, புயல் மழைக்கு நடுவே, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம் 05 இடது ஓடுபாதைக்குப் பதிலாக, பணிகளுக்காக மூடிக் கிடந்த 05 வலது ஓடுபாதையில் பாய்ந்து, அங்கே நின்றிருந்த கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். விமானி அறையில் இருந்தது ஒருவரல்ல, இருவரல்ல, மூவர். மூவருக்கும் அது சரியான ஓடுபாதையாகவே தெரிந்தது. மூடிய ஓடுபாதையின் நுழைவில் குறுக்கே ஒரு தடுப்புகூட இல்லை. டாக்ஸிவேயின் நடுக்கோட்டைக் காட்டும் பச்சை விளக்குகளோ அதற்குள்ளேயே வளைந்து சென்றன.

லெக்சிங்டன் விமானிகள் திசைகாட்டியைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்திருக்க வேண்டும்தான். ஓடுபாதையின் எண்ணே அதன் திசைதான்: 22 என்றால் சுமார் 220 பாகை, 26 என்றால் சுமார் 260 பாகை. நாற்பது பாகை வித்தியாசம் கருவியில் பளிச்சென்று தெரிந்திருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 2007இல் விமானிகளைத்தான் முதன்மைக் காரணமாகச் சொன்னது, நான் ஒன்றும் அறியாமல் பேசவில்லை. தேவையில்லாத அரட்டை அடித்தார்கள் என்பதும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. சரி, அடித்தார்கள். அலுவலகத்தில் நாளெல்லாம் வாய் மூடி வேலை பார்க்கும் உத்தமர்கள் அதைப் பற்றித் தாராளமாகத் தீர்ப்புச் சொல்லட்டும்.

ஆனால் அதே அறிக்கை, ஒவ்வொரு ஓடுபாதையையும் கடக்கத் தனித்தனி அனுமதி கட்டாயமாக இல்லாததையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. 2010இல் அந்த விதியைக் கொண்டுவந்தார்கள். விமானிகள் முட்டாள்கள் என்பதோடு விஷயம் முடிந்துவிட்டதென்றால் விதியை எதற்காக மாற்றினார்கள்? காணொளியில் இதற்கு அரை நிமிடம்கூட இல்லை. சிரிப்பதற்கு நேரம் இருந்திருக்கிறது.

அப்படியானால் யாரையுமே தண்டிக்கக் கூடாதா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: தலைமை விமானி இறந்துவிட்டார். உயிர் பிழைத்த ஒரே ஆளான துணை விமானி ஒரு காலை இழந்தார். அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. விமானத்தை அந்த ஓடுபாதையில் கொண்டுபோய் நிறுத்தியவரும் அவரல்லர். தரையில் ஓட்டியவர் தலைமை விமானி, நேராக நிறுத்திய பிறகே இவர் கையில் கொடுத்தார். இதற்கு மேல் அவரிடமிருந்து என்ன வேண்டும் உங்களுக்கு? இன்னும் சிரிக்க வேண்டுமென்றால் அந்தக் காணொளிக்குக் கீழேயே போய்ச் சிரியுங்கள். என் பதிவில் சிரிப்புக் குறி இடுகிறவர்களை, உறவினர் என்றும் பாராமல், நீக்கிவிடுவேன்.