தமிழ் ப்ராசஸ்னு சொல்லி இங்கிலீஷ்ல எடுத்த கதை

போன வாரம் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தி மெசேஜ் போட்டிருந்தா, "வீட்டுல இருந்தே கஸ்டமர் சப்போர்ட் வேலை பாக்குறியாமே, எனக்கும் சொல்லேன்டி, சும்மா பேசுறது தானே"ன்னு. எனக்குப் பதில் போட வரல. அவ மேல தப்பில்ல, நானும் அப்படித்தான் நெனச்சேன். அவளுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சது ரொம்ப நீளமாப் போனதால இங்கயே போட்டுடுறேன், கேக்குற மத்தவங்களுக்கும் ஆகும்.

முதல்ல ஏமாந்த கதை. பி.எஸ்சி மேத்ஸ் முடிச்சு கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, எட்டு வருஷம் கேப். ரெஸ்யூம்ல அந்த எட்டு வருஷத்துக்கு என்ன எழுதறதுன்னே தெரியாம மூணு மாசம் அப்ளை பண்ணிட்டு இருந்தப்ப, வாட்ஸ்அப்ல ஒரு இன்டர்வியூ வந்துச்சு. மொத்தமே ஆறு கேள்வி. இருபது நிமிஷத்துல ஆஃபர் லெட்டர், அதுல வட்ட சீல் வேற. லேப்டாப் அனுப்ப 999 ரூபா ரிஜிஸ்ட்ரேஷன்னாங்க, கட்டினேன். மறுநாள் 4,500 டெபாசிட்னாங்க, அப்பத்தான் உறைச்சுது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிட்டு கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன், அந்த 999 திரும்பி வரல. வேலை குடுக்குறவன் உங்ககிட்ட காசு கேக்க மாட்டான், லேப்டாப்புக்கும் கேக்க மாட்டான், ட்ரெய்னிங்குக்கும் கேக்க மாட்டான். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு 999 ஆச்சு.

அப்புறம் நிஜமான கம்பெனில இருந்து ஹெச்ஆர் கூப்பிட்டாங்க. "தமிழ் வாய்ஸ் ப்ராசஸ், பேமென்ட்ஸ் க்ளையன்ட், வொர்க் ஃப்ரம் ஹோம்." அதாவது ஒரு பேமென்ட்ஸ் கம்பெனிக்காக வீட்டுல இருந்தே தமிழ்ல கால் எடுக்குற வேலை. தமிழ்ல தானே பேசணும், நமக்கென்னன்னு தெம்பா இருந்தேன். முதல் ரவுண்டே கம்ப்யூட்டர்கிட்ட இங்கிலீஷ் பேசுற டெஸ்ட். அது ஒரு வாக்கியம் சொல்லும், அப்படியே திருப்பிச் சொல்லணும், ஒரு குட்டிக் கதை சொல்லும், நம்ம வார்த்தையில சொல்லணும், பீப் சத்தத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சா போச்சு. முதல் தடவை ஃபெயில். கெஞ்சி ரெண்டாவது தடவை வாங்கி பார்டர்ல பாஸ். அடுத்து டைப்பிங், நிமிஷத்துக்கு 25 வார்த்தை, அது ஓகே. அடுத்து ஆபரேஷன்ஸ் மேனேஜர் ரவுண்டு, முப்பத்தஞ்சு நிமிஷமும் இங்கிலீஷ், கடைசியில வாட்ச்சைப் பாத்துக்கிட்டே "ஓகே, கொஞ்சம் தமிழ்ல பேசுங்க பாப்போம்"னார். ரெண்டு நிமிஷம் எங்க ஊரு கடலை மிட்டாய் பத்திப் பேசினேன். அவ்வளவுதாங்க தமிழ் டெஸ்ட். நாள் பூரா தமிழ் பேசப்போற வேலைக்குத் தமிழைப் பாத்தது ரெண்டு நிமிஷம்.

இன்னைக்கு வரைக்கும் எனக்கு இருக்குற பெரிய ஆதங்கம் இதுதான், இன்டர்வியூல பாக்குறது ஒண்ணு, வேலைக்கு வேண்டியது வேற ஒண்ணு. என்கூட எழுதின ஒரு அக்கா பத்து வருஷம் ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நின்னவங்க. எப்பேர்ப்பட்ட கோவக்காரனையும் உக்கார வெச்சு நாலு சேலை வித்துருவாங்க. கம்ப்யூட்டர் அவங்களை ரிஜெக்ட் பண்ணிடுச்சு. இந்த வேலைக்கு அவங்களை விட்டா ஆள் கிடையாது, சத்தியமா சொல்றேன்.

சிஸ்டம் செக்னு ஒண்ணு இருக்கு. 8 ஜிபி ரேம், பிராட்பேண்ட் தான் வேணும், போன் ஹாட்ஸ்பாட் ஆகாது, வைஃபையும் ஆகாது, ரவுட்டர்ல இருந்து கேபிள் நேரா லேப்டாப்புக்கு வரணும், ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பணும், ரூமை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பணும், கதவு சாத்துற ரூமா இருக்கணும். எங்க வீட்ல அப்படி ஒரே ரூம் தான், பீரோ இருக்குற ரூம். பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு தையல் மெஷின் டேபிள், அதான் என் ஆபீஸ். ஃபேன் போட்டா ஹெட்செட்ல காத்து சத்தம் வருதுன்னு அதையும் அணைக்கச் சொல்லிட்டாங்க. மே மாசம், கோவில்பட்டி, ஃபேன் இல்லாத ரூம். மிச்சத்தை நீங்களே நெனச்சுக்கோங்க.

ட்ரெய்னிங் மொத்தம் பதினெட்டு நாள், அதுக்கப்புறம் நெஸ்டிங், அதாவது பக்கத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்க நாம நிஜ கால் எடுக்குறது. பேட்ச்ல 22 பேரு, காலைல ஒன்பது மணிக்குக் கேமரா ஆன்ல உக்காரணும். முதல் நாளே ட்ரெய்னர் சொன்னார், டேபிள்ல பேப்பர் பேனா இருக்கக்கூடாது, போன் ரூமுக்குள்ளயே இருக்கக்கூடாது, கஸ்டமர் நம்பரை எழுதி வெச்சுக்கக்கூடாது, அழிக்கிற மாதிரி ஒயிட்போர்டு மட்டும் வெச்சுக்கலாம்னு. ஒயிட்போர்டுக்கு எங்க போறது? சின்னவனோட சிலேட்டும் பல்பமும் தான் கெடச்சுது. கேமராவுல காட்டினேன், ட்ரெய்னர் சிரிச்சுட்டு அப்ரூவ்டுன்னார். இப்பவும் அதான். ஷிஃப்ட் முடியுறப்ப விரல் நுனியெல்லாம் வெள்ளையா இருக்கும்.

அவர் நல்ல மனுஷன், அதையும் சொல்லணும். இந்த வீட்டு வேலையே எப்படி வந்துச்சுன்னு ஒரு நாள் சொன்னார். முன்னெல்லாம் கால் சென்டர் கம்பெனிங்க தொலைத்தொடர்புத் துறைல பதிவு பண்ணணும், ஆளை வீட்டுல இருந்து வேலை பாக்க விடுறதுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு, லாக்டவுன் வந்ததும் அதைத் தளர்த்தினாங்க, 2020 நவம்பர்ல பதிவும் வேணாம் பேங்க் கேரன்டியும் வேணாம்னு ரூலையே மாத்திட்டாங்களாம். அதனாலதான் பீரோ ரூம்ல நான் உக்காந்திருக்கேன்.

ஹோல்டுக்கும் ம்யூட்டுக்கும் வித்தியாசம் (கஸ்டமருக்குத் தெரியாம ம்யூட் போட்டா மார்க் போச்சு), ஹோல்டு போட்டா ரெண்டு நிமிஷத்துக்குள்ள திரும்பி வந்து இன்னும் டைம் வேணும்னு சொல்லணும், பேச்சில்லாம விட்டா அது டெட் ஏர், ஒரு காலுக்கு சராசரி ஆறு நிமிஷம், வெச்சதுக்கு அப்புறம் நோட்ஸ் போட முப்பது செகண்ட். இதெல்லாம் ஸ்லைடுல இருக்கும், படிச்சுக்கலாம். ஸ்லைடுல இல்லாத ஒண்ணை அவர் சொல்லிக் குடுத்தார். கஸ்டமர் கத்தினா சமாதானம் சொல்லாதீங்க, ரெஃபரன்ஸ் நம்பரை மெதுவாப் படிக்கச் சொல்லுங்க, யூபிஐக்கு அது 12 இலக்கம், 12 நம்பரைப் பாத்துப் பாத்துப் படிச்சுக்கிட்டே யாராலயும் கத்த முடியாது, முடிக்கிறப்ப பாதி சூடு எறங்கியிருக்கும்னார். நான் நூறு தடவையாவது செஞ்சு பாத்துட்டேன், எறங்குது.

ப்ராடக்ட் ட்ரெய்னிங்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான்: காசு அக்கவுண்ட்ல இருந்து போயிடுச்சு, கடைக்காரனுக்கு வரல. இதுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்லயே சர்க்குலர் போட்டிருக்கு, நம்மள்ல முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. ஆளுக்கு ஆள் அனுப்பின பணம் போய்ச் சேரலன்னா மறுநாளுக்குள்ள திரும்பி வரணும், கடைக்குக் கட்டினது சேரலன்னா அஞ்சு நாளுக்குள்ள வரணும், தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா சேத்துத் தரணும். எங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தாங்க, கூடவே "கஸ்டமர் கேட்டா மட்டும் சொல்லுங்க"ன்னும் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அது பிடிக்கல. இப்ப உங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன், கேளுங்க.

இனி ஸ்க்ரிப்ட்டுக்கு வர்றேன். எங்களுக்குக் குடுத்த தமிழ் ஸ்க்ரிப்ட்டை யாரோ இங்கிலீஷ்ல எழுதி, அதை வேற யாரோ தமிழாக்கி, ரெண்டு பேருமே வாயால ஒரு தடவைகூட சொல்லிப் பாக்கலன்னு நெனைக்கிறேன். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு எங்களது மனமார்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்." இதுக்குப் பேரு எம்பதி ஸ்டேட்மென்ட், அதாவது அனுதாபம் காட்டுற வரி. ஒவ்வொரு கால்லயும் முதல் நிமிஷத்துக்குள்ள இதைச் சொல்லியாகணும், சொல்லலன்னா ஆடிட்ல (நாம பேசின காலைக் கேட்டு மார்க் போடுறது) மார்க் கட்.

நெஸ்டிங்ல மூணாவது நாள், கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர். உரக்கடையில 2,340 ரூபா ஸ்கேன் பண்ணியிருக்கார், போகலன்னு மறுபடியும் பண்ணியிருக்கார், ரெண்டு தடவையும் காசு போயிருக்கு, கடைக்காரருக்கு ஒண்ணுதான் வந்திருக்கு. நான் அந்த வரியை அழகா, நிறுத்தி நிதானமா சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் பக்கத்துல இருந்த யார்கிட்டயோ சொல்றார், "கம்ப்யூட்டர் பேசுதுடா, ஆளு எடுக்கல." "ஹலோ சார், நான் தான் பேசுறேன்"னேன். "ஏனுங் அம்மணி, ஆளுங்களா? ரெக்கார்டுன்னு நெனச்சுப்போட்டனுங்."

சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. அடக்கிக்கிட்டு, "ஐயா, நான் மனுஷி தாங்கய்யா, உங்க காசு எங்க நிக்குதுன்னு பாக்குறேன், அந்த மெசேஜைப் பாத்து நம்பரை மட்டும் மெதுவாப் படிங்க"ன்னேன். "நாலு, ஒண்ணு, சைபர்..."னு ஆரம்பிச்சார், ஏழாவது நம்பர்ல கண்ணாடி தேடினார், பேரன் வந்து படிச்சான், நான் சிலேட்டுல எழுதிக்கிட்டேன். ரெண்டாவது தடவை போனது கடைக்காரர் அக்கவுண்ட்ல சேராம நடுவுல நிக்குது, எந்தத் தேதிக்குள்ள திரும்பும்னு தேதியாவே சொன்னேன், பாஸ்புக்ல பாருங்க, வரலன்னா இதே நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்க, தள்ளிப்போற ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபா உண்டுன்னும் சொல்லிட்டேன் (ஆமா, அவர் கேக்கல). "செரிங் அம்மணி, நல்லா இருப்பீங்"ன்னு வெச்சார். ஒன்பது நிமிஷம் நாப்பது செகண்ட்.

ஆடிட் ரிப்போர்ட் சாயங்காலமே வந்துச்சு. சார்னு சொல்லாம ஐயான்னு சொன்னதுக்கு மைனஸ், ஸ்க்ரிப்ட்ல இருந்து வெலகினதுக்கு மைனஸ், நேரம் தாண்டினதுக்கு மைனஸ், கேக்காத தகவலைச் சொன்னதுக்கு மைனஸ். நூத்துக்கு 68, பாஸ் 85. கஸ்டமர் குடுத்த ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு, அது வேற ஷீட்ல இருக்கும், அதை இதோட சேக்க மாட்டாங்க.

எழுபது வயசு மனுஷனை நான் எங்க ஊர்ல சார்னு கூப்பிட்டா ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்ல நிக்குறதாத்தான் அவர் நெனப்பார். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு ஒரு "ங்க" சேத்தா மனசு எறங்கும், எங்க பக்கத்துக்காரங்ககிட்ட சுத்தி வளைக்காம சொன்னாத்தான் நம்புவாங்க, சென்னைல இருந்து வர்ற காலுக்குப் பாதிப் பேச்சு இங்கிலீஷ் வார்த்தை போட்டாத்தான் வேகம் வரும். இது எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்காமலே வரும். அதுக்காகத்தானே தமிழ்ல ஆள் எடுக்குறீங்க? எடுத்துட்டு எல்லாரையும் ஒரே ரெக்கார்டு மாதிரி பேச வெச்சா, நிஜமாவே ரெக்கார்டை வெச்சுக்கலாமே. (வெச்சுக்கவும் ஆரம்பிச்சுட்டாங்க, முதல்ல எடுக்குறது இப்ப பாட், அதாவது தானாப் பேசுற ப்ரோக்ராம் தான். அதுவும் அதே வரியத்தான் சொல்லுது.)

22 பேர்ல கடைசியில ஒன்பது பேர் தான் சர்டிஃபை ஆனோம், அதாவது ட்ரெய்னிங் பாஸானோம். ரெண்டு பேர் சம்பளம் எவ்வளவுன்னு தெரிஞ்சதும் போயிட்டாங்க, சிலர் நெட் பிரச்சனை. ஒரு பொண்ணு, கைக்குழந்தைக்காரி, மாக் கால்ல, அதாவது பயிற்சிக் கால்ல, எங்க எல்லாரையும் விட நல்லாப் பேசுவா. ரெண்டு லைவ் கால்ல குழந்தை அழுத சத்தம் கேட்டுச்சு, பேக்ரவுண்ட் நாய்ஸ் ஃபேட்டல், அதாவது மொத்த மார்க்கும் பூஜ்யம். விளம்பரத்துல "இல்லத்தரசிகளுக்கு அரிய வாய்ப்பு"ன்னு போட்டவங்களுக்கு இல்லத்துல குழந்தை இருக்கும்னு தெரியாதா?

எங்க தெருவுல அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தப்ப என் கதையும் அதே தான் ஆகியிருக்கும். மூணு நாளும் ரேடியோ செட், எங்க வீட்டு மாடிக்கு நேரா குழாய் ஸ்பீக்கர். அத்தை போய்ப் பேசி குழாயைத் திருப்பச் சொன்னாங்க, அவங்க அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பினாங்க, அங்க சண்டை. கடைசியில மதினி வீட்டுக்கு லேப்டாப், கேபிள், சிலேட்டு எல்லாம் தூக்கிட்டுப் போய் மூணு நாள் லாகின் பண்ணினேன். மாசாமாசம் ஈபி ஷட்டவுன் அன்னைக்கும் அங்கதான் ஓட்டம். ரவுட்டருக்கு குட்டி யூபிஎஸ் ஒண்ணு 1,600 ரூபாய்க்கு வாங்கி வெச்சிருக்கேன், லேப்டாப் பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல போனா அரை நாள் சம்பளம் கட். கரண்ட், நெட், யூபிஎஸ் எல்லாம் நம்ம காசு. ஆபீஸ்ல பவர் போனா ஜெனரேட்டர் யாரு போடுவா, எம்ப்ளாயியா?

சம்பளம் கேக்குறவங்களுக்கு: ட்ரெய்னிங்ல சம்பளம் இல்ல, ஸ்டைபண்ட் (உதவித்தொகை) தான், அதுவும் சர்டிஃபை ஆனாத்தான் கைக்கு வரும், பாதியில போன பதிமூணு பேருக்கும் ஒண்ணுமில்ல. ஆஃபர் லெட்டர்ல இந்த வரி இருக்கான்னு தேடிப் பாத்துட்டு சைன் பண்ணுங்க, நான் பாக்கல. இப்ப பிஎஃப், ஈஎஸ்ஐ (வைத்தியச் செலவுக்கான இன்சூரன்ஸ்) புடிச்சது போக கைக்கு 14,100 சொச்சம். ஈஎஸ்ஐ 0.75 பர்சன்ட் தான் நம்மகிட்ட புடிக்கிறாங்க, 21,000 வரைக்கும் சம்பளம் இருக்குறவங்களுக்கு உண்டு, அதைக் கம்மியா நெனைக்காதீங்க. 14,100 பெரிய காசில்லன்னு எங்க வீட்டுக்காரரே சொல்வார். ஆனா பெரியவனோட ஸ்கூல் ஃபீஸ் இந்த வருஷம் என் அக்கவுண்ட்ல இருந்து போச்சு, அதுக்கு வந்த மெசேஜை நான் இன்னும் டெலீட் பண்ணல.

விட்டுருவியான்னு கேட்டா, இல்ல. இந்த மாச டீம் மீட்டிங்ல ஐயா மேட்டரை எடுத்தேன். டீம் லீடர் "க்ளையன்ட்கிட்ட கேக்கணும்"னாங்க. ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் கேட்டுக்கிட்டு தான் இருக்காங்க. நான் ஐயான்னு தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன், அஞ்சு மார்க் போனாப் போகுது, மத்ததுல தேத்திக்கலாம்.

லிங்க் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, என்கிட்ட ரெஃபரல் எதுவும் இல்ல. டெஸ்ட் பத்திக் கேக்கணும்னா கமெண்ட்ல கேளுங்க, ராத்திரி பதினொண்ணுக்கு மேல தான் பதில் போடுவேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு லாகின், அதுக்கப்புறம் போன் பீரோ ரூமுக்கு வெளிய தான் இருக்கும்.